எலியைப் பின்தொடர்ந்த நகரம்: 1914 கொழும்பு பிளேக்

1915 என்று சொன்னால் எங்கட ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. கண்டியில் தொடங்கிக் கொழும்பு வரை பரவிய கலவரம், உடைக்கப்பட்ட கடைகள், இராணுவச் சட்டம் என்று சொல்லிக்கொண்டே போவோம். அதைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. பேச்சுப் போட்டிக்குக்கூடப் பிள்ளைகள் அந்தத் தலைப்பை எடுப்பதுண்டு. அதற்கு முந்திய வருஷம் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும், "உலக யுத்தம் தொடங்கியது" என்பதோடு நின்றுவிடுகிறோம். யுத்தம் தொடங்கியது 1914 நடுப்பகுதியில். அந்த வருஷம் ஜனவரியிலேயே கொழும்புக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டது. அதுதான் பிளேக்.

வந்த பிளேக் ஒரு வருஷத்தில் போய்விடவில்லை. 1930களின் பிற்பகுதி வரை கூடியும் குறைந்தும் இந்த நகரத்தில் தங்கியிருந்தது. அது சுற்றித் திரிந்த இடம் எது என்று பார்த்தால், புறக்கோட்டை, செட்டியார் தெரு, அவற்றை ஒட்டிய தானியக் கடைகள். மறு வருஷக் கலவரத்தில் அடிபட்ட கரையோரச் சோனகரின் வியாபாரமும் அந்த வட்டாரத்தில்தான் வேரோடியிருந்தது. 1915 பற்றிய நூல்களில் நாம் அடிக்கடி சந்திக்கிற தேசாதிபதி ரொபர்ட் சால்மர்ஸ்தான் அப்போதும் தேசாதிபதி. மனிதரும் இடமும் ஒன்றாகவே இருக்க, ஒரு வருஷம் எங்கட ஞாபகத்தில் நின்றது, மற்றது நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டும் என்பதற்கு எனக்கொரு காரணம் உண்டு. நோயை ஒரு நகரம் எப்படித் தேடிப் பிடிக்கிறது, பிடித்தவரை என்ன செய்கிறது என்ற கேள்வி 1914ஓடு முடிந்துபோன ஒன்றல்ல. அண்மையில் எங்கட மையித்துகள் வரைக்கும் அது வந்து நின்றது.

துறைமுகமும் அரிசி மூட்டையும்

1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பிறகு கிழக்கே போகிற கப்பல்கள் இந்தத் தீவைத் தொட்டே போயின. 1885இல் கொழும்பின் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்ததும் காலியின் பழைய பெருமை கொழும்புக்கு வந்தது. நிலக்கரி ஏற்றும் துறைமுகமாகவும், தேயிலை அனுப்பும் துறைமுகமாகவும், அதைவிட முக்கியமாக அரிசி இறங்கும் துறைமுகமாகவும் கொழும்பு வளர்ந்தது. தோட்டங்களில் வேலை செய்தவர்களும் நகரத்தவர்களும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசியைத்தான் உண்டார்கள். 1911 சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது கொழும்பு மாநகரின் சனத்தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இத்தனை பேரின் சோறும் கடல் வழியாகவே வந்தது.

நோய் வரும் பாதையும் அதுவேதான். 1896இல் பம்பாயில் பிளேக் தொடங்கியது. 1905இல் ரங்கூனை எட்டியது. இலங்கை அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. பம்பாய்ப் பயம் உச்சத்தில் இருந்த 1897இல் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. கப்பல்கள் பரிசோதிக்கப்பட்டன. தோட்ட வேலைக்கு வந்த இந்தியத் தொழிலாளர்கள் ராகமை முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். போயர் யுத்தக் கைதிகளை வைத்திருந்த அதே முகாம்தான் அது. பின்னாளில் இந்த வேலை கடலுக்கு அந்தப் பக்கம், மண்டபம் முகாமுக்குப் போனது.

இந்த ஏற்பாடு முழுவதும் மனிதனைப் பார்த்தே செய்யப்பட்டது. காய்ச்சல் இருக்கிறதா, வைசூரி இருக்கிறதா, வாந்திபேதி இருக்கிறதா என்று வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஏழை எந்தளவுக்கு ஏழையோ, அந்தளவுக்கு அவனை நிறுத்திப் பார்த்தார்கள். ஆனால் அரிசி மூட்டைக்கு யாரும் முகாம் கட்டவில்லை. அது நேரே கரைக்கு வந்து, கரத்தையில் ஏறி, புறக்கோட்டைக் கிட்டங்கிக்குள் போனது.

பம்பாயில் நடந்தது

கொழும்பு அதிகாரிகள் என்ன தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, பதினெட்டு வருஷம் பின்னால் போய்ப் பம்பாயைப் பார்க்க வேண்டும். 1896 செப்டெம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் வைத்தியர் அகாசியோ வீகாஸ் முதல் நோயாளிகளை அடையாளம் கண்டார். மாண்ட்வியும் தானியக் கிட்டங்கிகள் நிறைந்த இடம்தான். நோய் எலியிலிருந்து வருகிறது என்ற சந்தேகம் இருந்தாலும், எப்படி வருகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே மனிதரையும் வீட்டையும் பிடித்தார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள், குடும்பத்தை முகாமில் அடைத்தார்கள், வீட்டைக் கழுவினார்கள், கூரையைப் பிரித்து வெயில் விழ வைத்தார்கள். 'மனிதர் குடியிருக்கத் தகாதது' என்பதற்கு மூன்று ஆங்கில எழுத்துகளைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள்.

விளைவு என்ன? 1896 ஒக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் வீதி ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1898 மார்ச்சில், ஜுலாஹா என்னும் முஸ்லிம் நெசவாளர் வாழ்ந்த பகுதியில், நோயுற்ற ஒரு பெண்ணைத் தேடுதல் குழுவினர் பரிசோதிக்க முயன்றதிலிருந்து கலவரம் வெடித்தது. பூனாவில் பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் 1897இல் சுடப்பட்டார். வெளிப்படையாக எதிர்க்க முடியாதவர்கள் மறைத்தார்கள். நோயாளியை ஒளித்தார்கள், இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனார்கள். போன இடமெல்லாம் நோயும் போனது.

இதை 'அறியாமை' என்று ஒரு சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளேக் பரவிய ஊருக்குள் போகாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்ற ஹதீஸை அறியாத முஸ்லிம் குறைவு. ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் பிளேக்கின்போது கலீபா உமர் (ரலி) சிரியாவின் எல்லையிலிருந்தே திரும்பிய சம்பவத்தை ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பம்பாய் நெசவாளர் எதிர்த்தது தனிமைப்படுத்தலை மட்டுமல்ல. தங்கட வீட்டுப் பெண்ணில் அந்நிய ஆண் கை வைப்பதையும், மௌத்தானவரின் உடம்பை யாரோ தூக்கிப்போவதையும்தான் அவர்கள் எதிர்த்தார்கள். இந்த வித்தியாசத்தைப் பம்பாய் அரசு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டது. அந்தந்தச் சமூகத்தார் தங்கட செலவில், தங்கட ஆட்களை வைத்து நடத்துகிற பிளேக் ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி கொடுத்தது. இழுத்துப் போகிற வேலை குறைந்தது.

இதற்கிடையில் விஞ்ஞானமும் நகர்ந்தது. 1898இல் கராச்சியில் பிரெஞ்சு வைத்தியர் போல் லூயி சிமோன், எலியின் மேலிருக்கும் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று பரிசோதித்துச் சொன்னார். பல வருஷம் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1905இல் பம்பாயில் வேலையைத் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழு கூண்டுகளில் விலங்குகளை வைத்து அதை நிரூபித்தது. தெள்ளு எட்டக்கூடிய இடத்தில் இருந்தவை நோய்ப்பட்டன. எட்டாதபடி தடுக்கப்பட்டவை, அதே காற்றைச் சுவாசித்தும் தப்பின.

ஆக, 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோது, எதைத் தேட வேண்டும் என்பதற்கு விடை ஏற்கனவே இருந்தது. பம்பாய்க்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

செத்த எலிக்கும் ஒரு சீட்டு

அன்று மாநகர சபையின் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்தவர் மார்ஷல் பிலிப். நகர நுண்ணுயிரியலாளராக வந்தவர் ஃபேபியன் ஹேர்ஸ்ட். 1914 முதல் 1916 வரையான பிளேக் பற்றி இவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய நீண்ட அறிக்கை 1917இல் இங்கிலாந்தின் சுகாதார ஆய்வுச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. கொழும்பைப் பற்றிய நோய் வரலாற்றில் அதைத் தாண்டிப் போக முடியாது.

கொழும்புப் பிளேக்கில் முதலிலேயே ஒரு சிக்கல் இருந்தது. பிளேக் என்றால் அரையிலும் அக்குளிலும் நெறி கட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். கொழும்பில் கண்ட பலருக்கு அந்த நெறி கட்டவில்லை. கிருமி நேரே இரத்தத்தில் பெருகி, கடும் காய்ச்சலோடு சில நாளில் ஆளைக் கொண்டுபோனது. கண்ணால் பார்த்தால் வெறும் காய்ச்சல் மாதிரியே இருக்கும். பிளேக்தான் என்று உறுதிப்படுத்த இரத்தத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குள் ஆள் மௌத்தாகிவிட்டால் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும். அதாவது, நோயைக் கணக்கெடுக்கும் வேலை ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டு வாசலில், ஒரு மையித்தின் பக்கத்தில் வந்து நின்றது. பம்பாயில் எதனால் இரத்தம் சிந்தியதோ அதே வாசலில்தான்.

நுண்ணோக்கிக்கு ஆளும் இடமும் கொழும்பில் இல்லாமல் இல்லை. டி சொய்சா குடும்பத்தின் நன்கொடையில் உருவான பக்டீரியா ஆய்வு நிலையம் இருந்தது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் மூலவேர் அது. இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெல்லானி 1903 முதல் இங்கே வேலை செய்தார். எங்கட மூத்தவர்கள் 'பறங்கிப் புண்' என்று சொன்ன நோயின் கிருமியை 1905இல் கண்டுபிடித்தவர் அவர்.

மனிதனுக்கு முந்தி எலியைத் தேடுவதுதான் கொழும்பு மாநகர சபை பிடித்த வழி. இந்த வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறி வைத்தும், செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கியும் எலிகள் சேகரிக்கப்படும். எந்தத் தெரு, எந்த வீடு, எந்தக் கிட்டங்கி என்று ஒவ்வொரு எலிக்கும் ஒரு சீட்டுக் கட்டப்படும். சீட்டில்லாத எலி வெறும் குப்பை. சீட்டுள்ள எலி ஒரு சாட்சி. ஆய்வுகூடத்தில் அதை வெட்டி, மண்ணீரலிலிருந்து எடுத்ததைக் கண்ணாடியில் பூசி, சாயமிட்டுப் பார்ப்பார்கள். உயிரோடு பிடித்த எலியின் மயிரைச் சீவித் தெள்ளுகளை எண்ணுவார்கள். ஒரு எலிக்குச் சராசரி எத்தனை தெள்ளு என்ற கணக்கை வைத்து எந்தப் பகுதி ஆபத்தானது என்று சொல்ல முடியும். இந்தச் சீட்டுகளையெல்லாம் நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் நோயின் பாதை தெரியும்.

தெரிந்த பாதை தானியத்தின் பாதை. ஹேர்ஸ்ட் இன்னும் ஒரு படி போனார். எலித் தெள்ளுகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், உண்மையில் இரண்டு இனங்கள் இந்தப் பக்கத்தில் கலந்திருக்கின்றன. ஒன்று பிளேக்கைக் கடத்துவதில் பெரும் கெட்டிக்காரத் தெள்ளு. மற்றது அந்த வேலையில் மந்தமானது. நெடுங்காலம் இந்தியாவிலும் இலங்கையிலும் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. கொழும்பு எலிகளின் மேல் பெரும்பாலும் இருந்தது மந்தமான தெள்ளு. கெட்டிக்காரத் தெள்ளு முக்கியமாகக் கூடியிருந்தது தானியக் கிட்டங்கிகளைச் சுற்றித்தான். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த சரக்கோடு வந்து குடியேறிய தெள்ளு அது. பம்பாயை அழித்த நோய் கொழும்பை ஏன் அப்படி அழிக்கவில்லை, சென்னை ஏன் ஓரளவு தப்பியது என்பதற்கெல்லாம் இதிலிருந்து விளக்கம் கிடைத்தது. ஹேர்ஸ்ட் பின்னாளில் பிளேக்கை மனிதன் வென்ற கதையை 1953இல் பெரிய நூலாக எழுதினார். அந்த நூலின் விதை புறக்கோட்டைச் சாக்கு மூட்டைக்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

குற்றவாளி மூட்டை என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டிய வேலையும் மாறுகிறது. எலி புகமுடியாத தரை, எலி புகமுடியாத சுவர், அரிசியை ஒரே இடத்தில் வைத்துக் கண்காணிக்கிற களஞ்சியம். அந்தத் தேசாதிபதியின் பெயரைத் தாங்கிய சால்மர்ஸ் களஞ்சியம் இறக்குமதி அரிசிக்காகப் புறக்கோட்டையில் எழுந்தது. பிளேக் வந்த மறு வருஷமே, 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டு வீட்டுக்கு இடையில் எத்தனை அடி, தெரு எத்தனை அகலம், எந்த வீடு குடியிருக்கத் தகுதி என்பதெல்லாம் அதில் அடங்கும். இன்றைக்கும் வீட்டுப் பிளான் பாஸ் பண்ண அலைகிற ஆள், தனக்குத் தெரியாமலே அந்தக் காலத்துப் பயத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருகிறார்.

ஆஸ்பத்திரி எதைத் தந்தது?

1914இல் கொழும்பில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை என்றே சொல்லலாம். 1864இல் தொடங்கிய பெரியாஸ்பத்திரி, 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 1879இன் டி சொய்சா பிரசவ விடுதி, பெண்களுக்கான லேடி ஹெவ்லொக், பிள்ளைகளுக்கான லேடி ரிஜ்வே என்று ஒரு வரிசை இருந்தது. பெரியாஸ்பத்திரியில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் தாதிகளாக இருந்தார்கள். 1896இல் கனடாவிலிருந்து வந்த வைத்தியர் மேரி ரட்ணம் லேடி ஹெவ்லொக்கில் வேலை செய்தவர். பர்தா பேணும் குடும்பத்துக்குப் பெண் வைத்தியர் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எங்கட வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பிளேக்குக்கு மருந்து இல்லை. இதை மறந்துவிட்டு அந்தக் காலத்து மக்களை எடைபோடக் கூடாது. ஹாஃப்கினின் தடுப்பூசி 1897இலேயே வந்துவிட்டாலும் அது வருமுன் காப்பதற்கு; வந்தவரைக் காப்பாற்றாது. இரத்தத்தில் கிருமி பரவியவருக்கு ஆஸ்பத்திரியால் தர முடிந்தது கட்டில், தண்ணீர், துப்புரவு, பக்கத்தில் ஒரு தாதி. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். இலங்கையில் பிளேக் ஓய்ந்த பிறகுதான் பிளேக்குக்கு மருந்தே வந்தது.

ஆகவே, "ஆஸ்பத்திரிக்குப் போனா மௌத்துதான்" என்று அந்தக் காலத்து மனிதர் நினைத்திருந்தால் அதை மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது. இந்த நோயைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்டச் சரியான கணக்கு. ஆஸ்பத்திரி அப்போது நோயாளிக்காக இருந்ததைவிட, அவரைச் சுற்றியிருந்தவர்களுக்காகவே அதிகம் இருந்தது. உள்ளே போகிறவர் ஊருக்காகப் போகிறார். அப்படிப் போகச் சொல்லும்போது, பதிலுக்கு அவருக்கு என்ன தருகிறோம் என்ற கேள்வி வரும். சுகம் தர முடியாது. அப்படியானால் மரியாதையைத் தர வேண்டும். குடும்பத்துக்குச் செய்தி தர வேண்டும். மௌத்தானால் அவரவர் முறைப்படி அனுப்பிவைக்க வேண்டும். மருந்தில்லாத காலத்தில் ஆஸ்பத்திரியின் மருந்தே இவைதான்.

எங்கட பேச்சில் இதன் தழும்பு இருக்கிறது. "கொள்ளையில போவான்" என்று திட்டுகிறவர்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். என் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கொள்ளைக்காரனோடு முடிச்சுப் போடுவார்கள். 'கொள்ளை' என்பது கொள்ளைநோய் என்று விளக்கினால் ஆச்சரியப்படுவார்கள். வைசூரிக்கு 'அம்மை' என்று பெயர் வைத்தோம். நோய் என்று சொல்லாமல் 'வருத்தம்' என்கிறோம். பயப்படுகிற ஒன்றை நேரே பெயர் சொல்லாத சனங்கள் நாம். அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதி, இலக்கம் போட்டு, கச்சேரிக்கு அனுப்ப வேண்டும் என்று வருகிற அதிகாரிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு மொழிப் பிரச்சினையே இருக்கிறது. வீட்டுக்காரர் வாயைத் திறந்து சொன்னால்தான் கணக்கில் ஒன்று கூடும். எலியைப் பிடிக்க வீட்டுக்காரரின் மனசு அவ்வளவு தேவையில்லை. மனிதனைக் கணக்கெடுக்க அது இல்லாமல் முடியாது.

அதே சட்டம், நூற்றிருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு

1897இன் கட்டளைச் சட்டம் பிளேக்கோடு சாகவில்லை. அது இன்னும் எங்கட சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2020இல் கொவிட் வந்தபோது தூசி தட்டி எடுக்கப்பட்டது அதுதான். அந்த வருஷம் ஏப்ரல் 11ஆந் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்று விதித்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது.

அதன் பிறகு நடந்ததை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் அந்தப் பத்து மாதங்களை மறந்தவர் இருக்க முடியாது. இருபது நாள் குழந்தையும் எரிக்கப்பட்டது. மையித்தைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று குடும்பங்கள் ஒதுங்கி நின்றன. காய்ச்சல் வந்தாலும் பரிசோதனைக்குப் போகப் பயந்த ஆட்களை ஊரில் பார்த்தோம். 2021 பெப்ரவரியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டு, ஓட்டமாவடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் மண்ணில் வைக்கப்பட்டன. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

எங்கட மனவேதனையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நோயைத் தேடுகிற ஒரு அதிகாரியின் பக்கத்திலிருந்தே இதைப் பார்த்தாலும் கணக்குப் பிழைக்கிறது. 1898இல் பம்பாய் படித்த பாடம் இதுதானே? மையித்தில் கை வைத்தால் நோயாளி ஒளிப்பார். நோயாளி ஒளித்தால் நோய் ஒளியும். பிலிப்பும் ஹேர்ஸ்டும் கொழும்பில் காட்டிய இன்னொரு பாடமும் இருந்தது: சந்தேகத்தை வைத்து ஒரு கூட்டத்தைப் பிடிக்காதே, சீட்டைக் கட்டி, ஒவ்வொரு எலியாக எண்ணி, வரைபடத்தில் குறித்துப் பார். 2020இல் நிலத்தடி நீர் பற்றி எழுப்பப்பட்ட பயத்துக்கு அப்படி ஒரு சீட்டாவது கட்டப்பட்டிருந்தால், பத்து மாதம் பிடித்திருக்காது.

1914ஐ எழுத எங்கட பக்கத்தில் இன்னும் வேலை இருக்கிறது. மாநகர சபையின் கணக்கு ஒரு பக்கக் கணக்கு. மறுபக்கக் கணக்கு பழைய பள்ளிவாசல்களில், கபுறு வெட்டக் கொடுத்த காசு, கபன் துணி வாங்கிய நாள், மையவாடியில் இடம் ஒதுக்கிய வரிசை என்று செலவுப் புத்தகங்களுக்குள் கிடக்கும். ஒரு மாதத்தில் கபன் துணி வழமையைவிட அதிகமாக வாங்கப்பட்டிருந்தால், அதுவும் ஒரு சீட்டுத்தான். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பழைய ஜமாஅத்துகளின் நிர்வாகத்தில் இருக்கிறவர்கள், அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அரபுத் தமிழிலோ தமிழிலோ எழுதிய கொப்பிகள் கண்ணில் பட்டால் பழைய கடதாசிக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். கறையான் தின்னாத பக்கங்களைப் படமெடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். கரையோரச் சோனகர், போரா, மேமன், மலாய் எல்லோருடைய பள்ளிவாசல்களிலும் தேட வேண்டும். 1914இல் எந்தத் தெருவில் எத்தனை பேர் போனார்கள் என்பதை அடுத்த தலைமுறை அவற்றிலிருந்துதான் எண்ணப்போகிறது.